அம்மன் கண்ணின் அளவு

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குள் வந்து பச்சைமுத்து வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்லமாட்டார்கள். ‘ரெண்டு கேமரா’ வீடு எது என்று கேளுங்கள், சின்னப் பிள்ளை கூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும் எடுக்கிற கடை அவனுடையது. ஒட்டினாற்போல அடுத்தது என் தையல் கடை. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனுமாகக் கத்திப் பேசியே எங்கள் இருவர் தலையும் நரைத்துவிட்டது. என் மிஷின் சத்தம் அவனுக்குப் பிடிக்காது, அவன் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒருவன் டீ சொன்னால் இன்னொருவனுக்கும் சேர்த்துத்தான் சொல்வான்.

எல்லோரும் ஒரு கேமராவில் படம் எடுத்தால் இவன் இரண்டு கேமராவில் எடுப்பான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு கேமராக்கள். இரண்டையும் ஒரு அலுமினியப் பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் முடுக்கி, ஒரே நேரத்தில் இரண்டு படம். அந்த இரண்டையும் போனில் பக்கவாட்டில் போட்டு, கண்ணாடி பதித்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போனைச் செருகி, பெட்டியைக் கண்ணில் வைத்துப் பார்த்தால், எதிரில் நிஜமாகவே நிற்கிற மாதிரி எல்லாம் எழுந்து நிற்கும். வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம், அவ்வளவுதான் சங்கதி. இதில் ஒரு காசு வருமானம் கிடையாது. வருமானம் இல்லாத வேலையில்தான் பச்சைமுத்துவுக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது.

ஆரம்பத்தில் அவன் எடுத்த படங்களைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அல்சூர் ஏரியை எடுத்தான். நன்றாக எழும்பித் தெரியட்டும் என்று இரண்டு கேமராவையும் ஒரு முழம் தள்ளித் தள்ளி வைத்துவிட்டான். பெட்டிக்குள் பார்த்தால் ஏரி, கை அலம்புகிற தொட்டி அளவுக்கு இருந்தது. அடுத்து, ஆஸ்டின் டவுனில் ஒரு கல்யாணத்தில் போய் மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதே மாதிரி எடுத்தான். இரண்டு பேரும் கடையில் விற்கிற பொம்மையாகிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, ஆறடி ஆள், தன் உருவத்தைப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, “ஏன்யா, நான் இன்னா சொப்பு சாமானா?” என்று இவன் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் அவனுக்குப் புத்தி வந்தது. என்னையும் உட்காரவைத்து விளக்கினான். நம் இரண்டு கண்ணுக்கும் நடுவில் மூன்றரை விரல் இடம். கேமராக்களையும் அதே இடைவெளியில் வைத்தால், பார்க்கிறவனின் மூளை அதைத் தன் கண் என்றே நம்பிவிடும். ஒரு முழம் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? கண்ணுக்குக் கண் ஒரு முழம் இருக்கிற யாரோ ஒரு பூதம் பார்ப்பதாக ஆகிவிடும். பூதத்துக்கு மனிதன் பொம்மைதானே? ரொம்பக் கிட்டே இருக்கிற பொருளுக்கு மூன்றரை விரல் கூட அதிகம், இன்னும் நெருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்குத் தலை வலிக்கும். இதெல்லாம் தெரிந்தபின் அவன் படங்கள் அமைதியாகிவிட்டன. “ஆகா, எப்பிடி எழும்பி நிக்குது!” என்று ஒருத்தன் சொன்னால் அவன் முகம் சுருங்கும். “தப்பா எடுத்துட்டேன் போல” என்பான். பார்த்தவன் ஒன்றும் சொல்லாமல், நேரில் பார்க்கிறவன் மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவனுக்குத் திருப்தி.

நான் பௌத்தன். எங்கள் அப்பா காலத்திலேயே வீட்டிலிருந்த சாமி படங்களையெல்லாம் கழற்றிவிட்டுப் புத்தரை மாட்டியாயிற்று. எங்கள் சந்து முனையில் இருக்கிற மாரியம்மன் எனக்கு ஒரு பஞ்சலோகச் சிலை, அவ்வளவுதான். அதைச் சொல்லி பச்சைமுத்துவை நான் சீண்டாத நாள் கிடையாது. அவனும் அவன் பெண்சாதி பாஞ்சாலியும் அந்த அம்மன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஆடி மாசத்து வெள்ளிக்கிழமைகளில் அம்மன் பல்லக்கில் தெருவைச் சுற்றி வரும்போது பாஞ்சாலி வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு நிற்பாள். அவர்கள் மகன் ராகேஷ் பல்லக்குக்கு முன்னால் நடப்பான். எங்கள் சந்தில் மின்சார ஒயர்கள் கொடி கட்டினாற்போலக் குறுக்கும் நெடுக்கும் தொங்கும். பல்லக்கின் குடை அதில் மாட்டாமல் இருக்க, நீள மூங்கில் கழியால் ஒயரைத் தூக்கிப் பிடிப்பது அவன் வேலை. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தான். நல்ல பையன். என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டு என்னிடமே துணி கொடுத்துவிட்டு, தைத்த கூலியைத் தராமல் ஓடிப்போவான்.

மூன்று ஆடிக்கு முன்னால் அது நடந்தது. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வரும் வழியில் மூங்கில் உடைந்துவிட, யாரோ அவசரத்துக்கு ஓர் இரும்புக் குழாயை எடுத்துக் கொடுத்தார்கள். சந்து திரும்புகிற முக்கில், சரியாகப் பல்லக்குக்கு எதிரே, ராகேஷ் ஒயரைத் தூக்கினான். விழுந்தான். அவ்வளவுதான். பல்லக்குக்குப் பக்கவாட்டில் ஏழெட்டு அடி தள்ளி, கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றிருந்தவன் பச்சைமுத்து. நான் கடை வாசலில் இருந்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

அன்றையிலிருந்து பாஞ்சாலி கோயில் பக்கம் போகவில்லை. அழுது முடித்தபின் அவளிடம் ஒரே ஒரு பேச்சுதான் மிஞ்சியது. சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, குழாயடியில் வரிசையில் நிற்கும்போது, யாரிடம் என்று இல்லாமல் சொல்வாள்: “அவ கண்ணு முன்னாடிதானே ஆச்சு. பாத்துக்கினுதானே இருந்தா.” யாராவது சமாதானம் சொல்ல வந்தால், “இம்மாம் பெரிய கண்ண வெச்சிக்கினு இன்னாத்த பாத்தா?” என்பாள். பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு வந்துவிடுவான்.

அவன் அம்மனை விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பூமாலை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போவான். பாஞ்சாலிக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் இருவரும் தேவைக்குக்கூட முழு வார்த்தை பேசுவதில்லை. “சாப்பாடு கீது,” “சாவி அங்க கீது,” இவ்வளவுதான். ஆடியில் பறைச் சத்தம் கேட்டால் பாஞ்சாலி கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன இரும்பு உரலில் மிளகைப் போட்டு ‘ணங் ணங்’ என்று இடிப்பாள், வெளிச் சத்தம் காதில் விழாமல் இருக்க. அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டு ரசத்தை வாயில் வைக்க முடியாது என்று பச்சைமுத்து ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். சொல்லி முடிக்குமுன் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளை போனது போக, இந்த வீடும் போய்விடும் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. பாஞ்சாலி தன் தங்கை வீட்டுக்கு, கோலார் பக்கம், ஒரேயடியாகப் போய்விடலாமா என்று யோசிக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன்.

இந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்னால் பச்சைமுத்து என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். “ராஜேந்திரா, அம்மன் பல்லக்குல கேமரா கட்டப்போறேன்டா. அங்கிருந்து அவ இன்னா பாக்கறான்னு எடுத்து பாஞ்சாலிகிட்ட காட்டிடறேன்.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “பைத்தியமாடா ஒனக்கு? செலைக்கு கண்ணு தெரியுமா? புண்ணுல கோல வுட்டு ஆட்டாத” என்று கத்தினேன்.

அவன் பதிலுக்குக் கத்தவில்லை. “செலைக்கு கண்ணு தெரியுதோ இல்லியோ, எனக்குத் தெரியாது. ஆனா பாஞ்சாலி கேக்கறாடா. மூணு வருசமா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. வேற எதுனா கேட்டா வாங்கியாந்து குடுக்கலாம். இதுக்கு நான் எங்க போவேன்?” என்றான். நான் கத்தரியை எடுத்துக்கொண்டு வேலை பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன்.

கோயில் கமிட்டிச் செயலாளர் உமேஷுக்கு விஷயத்தின் பாதிதான் சொன்னோம். “யூட்யூப்ல போட்டா சக்கத்தா இருக்கும் குரு, கட்டிக்கோங்க” என்று கன்னடம் கலந்து சொல்லி உடனே தலையாட்டிவிட்டான். முதல் வெள்ளிக்கிழமை, அம்மனின் தோளுக்குப் பக்கத்தில் கேமராக்களைக் கட்டினான் பச்சைமுத்து. தான் எப்போதும் வைக்கிற அளவு, நம் கண்ணின் அளவு, மூன்றரை விரல். படம் என்றால் படம், அப்படி ஒரு படம். சத்தியமாகச் சொல்கிறேன், பெட்டிக்குள் கற்பூரத் தட்டு என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றபோது புத்தனைக் கும்பிடுகிற நானே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். “இதுக்கு மேல இயற்கையா எவனாலும் எடுக்க முடியாது” என்று பச்சைமுத்துவுக்கு ஒரே பெருமை.

மறுநாள் பாஞ்சாலி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தோம். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கிக் கண்ணில் வைத்தாள். கொஞ்ச நேரம்தான். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“இது நீ பாத்தது” என்றாள்.

“இல்ல பாஞ்சாலி, அம்மன் தோள் பக்கத்துலதான்…”

“அவ நின்ன எடத்துல நின்னு நீ பாத்துகீற. இது ஒங்கண்ணு. எனக்கு ஒங்கண்ணு வாணாம்.” மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பியதும் பச்சைமுத்து ஜெராக்ஸ் மிஷினைத் திறந்துபோட்டுத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். எனக்கு அவள் சொன்னது சுருக்கென்று பட்டது. ஒருத்தருக்குத் துணி வெட்டும்போது அவர் அளவைத்தானே எடுக்கிறோம்? சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே சொன்னேன்: “சட்ட அம்மனுக்கு. அளவு மட்டும் ஒன்னுது. எப்பிடிடா பொருந்தும்?”

பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அவ கண்ணு சின்னதுடா” என்றான்.

ஊர்வலம் வருகிற அம்மன் கருவறையில் இருக்கிற பெரிய அம்மன் இல்லை. ஒரு முழ உயரம் இருந்தால் அதிகம். பட்டும் மாலையும் குடையுமாக அலங்காரம் செய்து பல்லக்கில் வைத்தால் பெரிதாகத் தெரிகிறாள். கண்ணும் அப்படித்தான். வெள்ளியில் செய்த கண்மலரை மெழுகு வைத்து ஒட்டுவதால்தான் தூரத்திலிருந்து பார்த்தாலும் அத்தனை அகலமாகத் தெரிகிறது. சிலையைத் தொட்டு அளக்கப் பூசாரி விடமாட்டார். பச்சைமுத்து போய்க் கெஞ்சினான். அலங்காரத்துக்காகக் கண்மலரை ஒட்டும்போது பூசாரியே ஒரு வெற்றிலையை அம்மன் முகத்தின் மேல் வைத்து, இரண்டு கருமணிக்கும் நேராக நகத்தால் குறி போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ராகேஷின் அப்பா கேட்டால் எங்கள் சந்தில் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

வெற்றிலையில் இரண்டு குறிக்கும் நடுவில் ஒன்றரை விரல்தான் இருந்தது. கேமராக்கள் அதைவிட அகலம். எப்படிப் பக்கத்தில் வைத்தாலும் அந்த இடைவெளிக்கு வராது. கடைசியில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினான். லென்ஸ் மூலையில் இருப்பதால், தலைகீழாக்கினதும் இரண்டு லென்ஸும் ஒட்டி உட்கார்ந்துவிட்டன. படத்தைப் பிறகு போனில் நேராக்கிக்கொள்ளலாம். எல்லாம் பொருத்தியபின் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“இது வேலைக்காவாதுடா. இந்த இடைவெளியில எதுவுமே இயற்கையா வராது. பாக்கறவனுக்கு எல்லாம் தப்புத் தப்பா தெரியும்.”

“பாக்கறவன் யாரு?” என்று கேட்டேன். அவன் திருகாணியை முடுக்கினான்.

கடைசி ஆடி வெள்ளி. விளக்கு வைக்கிற நேரத்தில் பல்லக்கு கிளம்பியது. கேமராக்களை அம்மனின் முகத்துக்கு நேர் கீழே, கழுத்து மாலைக்குள் பூசாரியே செருகிவிட்டார். ராகேஷ் போன பிறகு, ஊர்வலம் முடிகிறவரை சந்துக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒயர் மட்டும் அதே இடத்தில், அதே மாதிரி தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முக்குக்கு வந்ததும் தூக்குகிறவர்கள் யாரும் சொல்லாமலே நின்றார்கள். எல்லா வருஷமும் அங்கே நிற்கிறார்கள். உமேஷ் காய்ந்த மூங்கிலால் ஒயரைத் தூக்கிப் பிடித்தான். பறைச் சத்தம் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் பாஞ்சாலி வீட்டு உரல் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. பச்சைமுத்து கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினான்.

மறுநாள் மத்தியானம், “நீயும் வாடா, தனியா போக எனக்கு தைரியம் இல்ல” என்று என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். பாஞ்சாலி அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்து, “வாங்கண்ணா” என்றாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் பெட்டியை நீட்டினான். “இது அவ கண்ணு அளவு. பூசாரி எடுத்துக் குடுத்தது” என்றான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக் கண்ணில் வைத்தாள்.

பெட்டியை எடுத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை.

“இன்னா இது, ஆளுங்க எல்லாம் இம்மாம் பெருசா கீறாங்க?” என்றாள். “உமேஷு பனமரம் மாரி நிக்கிறான்.”

பச்சைமுத்து விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

“முக்கு வூடு இதுதானே? அரமண மாரி கீது. தெரு எங்கியோ போய்க்கினே கீது.” குரல் மெல்ல இறங்கியது. “பல்லாக்கு தூக்கறவங்க தோளு… யப்பா. நடுவுல குந்திகினு பாக்கற இவ இத்தினூண்டு.”

பெட்டிக்குள் படம் நகராது. ஆனாலும் அவள் மேலே பார்க்கிறவள் மாதிரி தலையைத் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது.

“அந்த ஒயரு இதுதானா?”

“ஆமா” என்றான் பச்சைமுத்து.

“எம்மாம் ஒசரத்துல கீது.” இன்னும் தலையைத் தூக்கினாள். “அது எங்க, இவ எங்க. இவளுக்கு எப்பிடி எட்டும்? பாத்துக்கினுதான் இருந்தா. பாக்கத்தான் முடியும் இவளால.”

பிறந்ததிலிருந்து அந்தச் சிலையைக் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு முழ அம்மன் மேல் எனக்கே பாவமாக இருந்தது.

பாஞ்சாலி பெட்டியைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றி அதன் விளிம்பு அழுந்தின தடம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், நேராகத் தன் புருஷனைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவள் அவனை அப்படி முகத்துக்கு முகம் பார்த்து நான் கண்டதில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அம்மன் பேரைச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டிருந்தது அம்மனை இல்லை. இவ்வளவு பேசுகிற எனக்கு அது தெரியவில்லை. அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

“நீயும் அங்கதானே நின்னுகினு இருந்த” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

“ஒனக்கும் எட்டல. இல்ல?”

“எட்டல பாஞ்சாலி” என்றான் பச்சைமுத்து. “கேமராவ வுட்டுட்டு ஓடியாந்தேன். எட்டல.”

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாஞ்சாலியும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சத்தம் போடாமல் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, தெருவில் நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.